சிவப்பெண்டால் கறுப்பு

கனகசிங்கத்தார் ஒரு முடிவெடுத்தால் எடுத்ததுதான். அடுத்த முடிவு எடுக்கும்வரைக்கும் அதை ஒருத்தராலும் அசைக்க முடியாது. அந்தச் சனிக்கிழமை காலை, ஸ்காபரோவில், அஜின்கோர்ட் வீட்டுக் குசினியில், பாணைச் சம்பலில் தொட்டபடி அவர் எடுத்த முடிவு இது.

"இஞ்சேரும், இனி நான் மிசினைத் தொடமாட்டன்."

அடுப்படியில் நின்ற இராசமணி திரும்பிப் பார்த்தா. "உடுப்புத் தோய்க்கிற மிசினை நீங்கள் எப்ப தொட்டனீங்கள், இனித் தொடாமல் விட?"

"உதில்லையப்பா. கசினோவிலை இருக்கிற ரூலெற் மிசின். கள்ள மிசின். கண்ணாடிக் கூட்டுக்குள்ளை சிவப்பும் கறுப்புமாய்க் கட்டம் போட்ட சில்லு தன்ரைபாட்டிலை சுத்துது. பந்தைக் காத்து ஊதி விடுது. மனிசக் கை ஒண்டும் படுறேல்லை. நாங்கள் சுத்திவர இருந்து, பந்து விழுறது சிவப்போ கறுப்போ எண்டு அவரவர் ஸ்க்ரீனிலை விரலாலை அமத்துறம். பக்கத்திலை இருக்கிறவன் என்ன வைச்சான் எண்டுகூடத் தெரியாது."

"அப்ப இனி எங்கை விளையாடப் போறியள்?"

"மேசையிலை!" கனகசிங்கத்தாரின் முகம் மலர்ந்தது. "மேசை எண்டால் மேசைதான். ஒரு பெட்டை வெயிஸ்கோட் போட்டுக்கொண்டு நிண்டு, தன்ரை கையாலை சில்லைச் சுத்தி, தன்ரை கையாலை பந்தை விடும். ஆர் எதிலை வைச்சது, ஆர் வெண்டது, ஆர் தோத்தது, எல்லாம் வெட்டவெளிச்சம்."

"அப்ப நீங்கள் தோக்கிறதை எல்லாரும் பாப்பினம்."

"தோத்தால்தானே பாக்கிறதுக்கு!"

மனிசன் பென்சன் எடுத்த நாளிலிருந்து, சனிக்கிழமை விடிந்தால் கூட்டாளி கஸ்பரோடு கசினோதான். ஒரு சனியாவது சிரித்த முகத்தோடு திரும்பி வந்ததாய்ச் சரித்திரம் இல்லை. ஆனால் காரணத்துக்கு மட்டும் பஞ்சமே இல்லை. ஒருநாள் கஸ்பர் தும்மினான். ஒருநாள் பக்கத்தில் இருந்தவன் சனியன். இப்போது பழி மிசினின் தலையில்.

இராசமணிக்குக் காசுகூடப் பெரிய கவலை இல்லை. அவவுக்குச் சனிக்கிழமைதான் வேணும். பக்கத்துச் சமூக நிலையத்தில் றோஸ்மேரி என்றொரு பிள்ளை வயது போன சோடிகளுக்கு வோல்ட்ஸ் டான்ஸ் பழக்குது. இராசமணி இரண்டு தரம் தனியப் போய்ப் பார்த்தா. சோடி இல்லாமல் ஆட ஏலாது என்று சொல்லிப்போட்டினம். மற்றவை ஆட, இவ கதிரையில் இருந்து அவையின்ரை கோட்டுக்கும் கைப்பைக்கும் காவல். வந்து மனிசனிட்டைச் சொன்னபோது அந்தாள் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அறுபத்திமூண்டு வயசிலை நான் உம்மடை இடுப்பைப் பிடிச்சு ஆடினால், ஸ்காபரோ முழுக்க வழிச்சுக்கொண்டு சிரிக்குமப்பா!"

இராசமணி சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பு அவவுக்கு நல்லாய்த்தான் சுட்டது. அண்டையிலிருந்து அவ ஒரு நாளுக்காகக் காத்திருந்தா. இண்டைக்கு அந்த நாள் பாணும் சம்பலுமாய் முன்னால் வந்து குந்தியிருந்தது.

"நானும் வாறன்," என்றா.

"எங்கை?"

"கசினோவுக்கு."

கனகசிங்கத்தாருக்குப் புரையேறியது. இராசமணி தண்ணியை நீட்டியபடி விசயத்தைச் சொன்னா. "ஆளுக்கு இருநூறு டொலர். ஒவ்வொரு சுத்துக்கும் இரண்டு பேரும் ஒரே அளவு காசுதான் வைக்கவேணும். முதல் வெறுங்கையானவர் தோத்தவர். நீங்கள் வெண்டால் சனிக்கிழமை உங்களுக்கு. நான் வாயே திறக்கமாட்டன். நான் வெண்டால், சனிக்கு சனி என்னோடை டான்சுக்கு வரவேணும்."

கரும்பு தின்னக் கூலியா! வாழ்க்கையில் ஒரு லொத்தர் சீட்டுக்கூடச் சுரண்டாத மனுசி. "ஓம்!" என்றார் கனகசிங்கத்தார், தண்ணியை விழுங்க முன்னம்.

"ஆனால் மேசை வேண்டாம். அத்தனை சனம் பாக்க எனக்கு வெக்கம். மிசின்தான்."

ஒருத்தராலும் அசைக்க முடியாத அந்த முடிவு, தேத்தண்ணி ஆற முதலே அசைந்து கொடுத்தது. "சரி, உமக்காக," என்றார் பெருந்தன்மையாய்.

கசினோவில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்தினம். ஆளுக்கொரு ஸ்க்ரீன், நடுவில் கண்ணாடிக் கூட்டுக்குள் சில்லு. கனகசிங்கத்தார் வாத்தியாராய் மாறினார்.

"இப்ப மூண்டு தரம் கறுப்பு வந்திட்டுது. அப்ப அடுத்தது என்ன வரும்?"

"சிவப்பே?"

"கெட்டிக்காரி! சிவப்பிலை வையும்."

"ஓம்." இராசமணி அமத்தினா. பந்து ஓடியது, துள்ளியது, கறுப்பில் விழுந்தது.

"சே!"

"ஐயோ, பாவமப்பா," என்றா இராசமணி.

"கவலைப்படாதையும். இந்தமுறை சிவப்பு வராமல் எங்கை போறது? திரும்பவும் சிவப்பு."

"ஓம்." கறுப்பு.

"அப்ப அதின்ரை போக்கிலை போவம். கறுப்பு!"

"ஓம்." சிவப்பு.

நடுவில் ஒன்றிரண்டு தரம் கனகசிங்கத்தாரும் வெண்டார். வெண்ட நேரமெல்லாம் "பாத்தீரே!" என்று மனுசியின் தோளில் தட்டினார். மற்ற நேரமெல்லாம் அவருக்கு மனுசியை நினைத்துத்தான் துக்கம். அறியாத பேதையைக் கூட்டிக்கொண்டு வந்து, தன்ரை சொல்லைக் கேட்டு அதுவும் அழியுதே என்று நெஞ்சு உருகியது. கடைசியாய் அவருடைய ஸ்க்ரீனில் பூச்சியம் வந்து நின்றது.

"பரவாயில்லை மணி, உம்மடையும் முடிஞ்சிருக்கும். சமன் எண்டு வைப்பம்," என்று சொல்லி எட்டிப் பார்த்தார். மனுசியின் ஸ்க்ரீனில் நானூறு.

கனகசிங்கத்தார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுத் திரும்பவும் பார்த்தார். நானூறுதான்.

"உதெப்பிடி? நான் சொன்னதைக் கேட்டுத்தானே வைச்சனீர்?"

"கேட்டுத்தான் வைச்சனான். நீங்கள் சிவப்பெண்டால் நான் கறுப்பு. கறுப்பெண்டால் சிவப்பு."

"உதென்ன விசர் சிஸ்டம்!"

"சிஸ்டமே நீங்கள்தானப்பா." இராசமணி விரலை மடக்கினா. "அஜின்கோர்ட்டிலை வீட்டு விலை விழும், பொறுப்பம் எண்டியள். நான் அந்தக் கிழமையே வாங்க வைச்சன். இண்டைக்கு சினோ கொட்டாது எண்டால் பனி வழிக்கிற சவலை வாசலிலை எடுத்து வைப்பன். ஹைவே வெறுமையாய்க் கிடக்கும் எண்டால் காரை உள்றோட்டாலை விடச் சொல்லுவன். முப்பத்தாறு வருசம். ஒருநாளாவது பிழைச்சதே?"

கனகசிங்கத்தார் யோசித்துப் பார்த்தார். பிழைக்கவில்லை. அதுதான் கோவம் வந்தது.

"எல்லாம் இந்தக் கள்ள மிசினாலை! நீர் என்ன வைக்கிறீர் எண்டு எனக்குத் தெரியேல்லை. மேசையெண்டால் பிடிச்சிருப்பன். வாரும் மேசைக்கு!"

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்," என்று முணுமுணுத்தா இராசமணி. ஆனாலும் மனிசனின் முகத்தைப் பார்க்க அவவுக்குப் பாவமாய் இருந்தது. வெண்டதில் சரிபாதியை அவருடைய கையில் வைத்தா. "இந்தாங்கோ. உங்கடை ஆசையை ஏன் கெடுப்பான்? மேசையிலையும் பாப்பம்."

மேசையில் காசை மாற்றினால் வட்ட வட்ட வில்லை குடுப்பினம். அதைத்தான் சிவப்பிலோ கறுப்பிலோ வைக்கவேணும். அங்கே ஒரு சீனத்துக் கிழவி, ஒரு ஜமேக்காக்காரன், அவையோடு எங்கடை கஸ்பரும் நின்றான்.

"வாங்கோ அண்ணை! நீங்கள் வைக்கிறதிலைதான் நானும்," என்றான் கஸ்பர், சிநேகிதத்துக்காக.

கனகசிங்கத்தார் சிவப்பில் வைத்தார், கஸ்பரும் சிவப்பு. இராசமணி ஒரு வில்லையை மெல்லக் கறுப்புப் பக்கம் தள்ளினா. கறுப்பு விழுந்தது. அடுத்த சுத்து, இவர் கறுப்பு, அவ சிவப்பு. சிவப்பு விழுந்தது. மூன்றாந்தரமும் அப்பிடியே. நாலாந்தரம் கஸ்பரின் வில்லை நைசாய் இராசமணியின் பக்கம் ஊர்ந்தது.

"டேய் கஸ்பர்!"

"குறை நினைக்காதையுங்கோ அண்ணை. நட்பு வேறை, நட்டம் வேறை."

சீனத்துக் கிழவிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நடக்கிறது விளங்கிப்போச்சு. ஜமேக்காக்காரனுக்கும் விளங்கிப்போச்சு. கொஞ்ச நேரத்தில் மேசை முழுக்கக் கனகசிங்கத்தாரின் கையைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவர் ஒரு பக்கம் வைத்தால் மற்றவையெல்லாம் மற்றப் பக்கம். அவர் தோற்றால் கைதட்டு. அவருக்கு இப்பிடி ஒரு கைதட்டு ஆயுளில் கிடைத்ததில்லை.

ஒருக்கால் பச்சைப் பூச்சியத்தில் பந்து விழுந்தது. சிவப்பும் போச்சு, கறுப்பும் போச்சு. புருசனும் பெண்சாதியும் அண்டைக்கு ஒண்டாய்த் தோற்றது அந்த ஒரு தரம்தான். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்துப்போட்டினம்.

கடைசியில் கனகசிங்கத்தாரின் கையில் ஒரேயொரு வில்லை மிஞ்சியது. இனித்தான் மூளையைப் பாவிக்கவேணும் என்று தீர்மானித்தார். மிசினில் காணாத வசதி மேசையில் இருக்குது. எல்லாரும் வைக்கிறதைப் பார்த்துப்போட்டு, பெட்டை கையை விசுக்கி நிறுத்த முதல் வில்லையை மாற்றலாம்.

உரத்து, மேசை கேட்க, "சிவப்பு!" என்று வைத்தார். கஸ்பர், கிழவி, ஜமேக்காக்காரன், எல்லாரும் விழுந்தடித்துக் கறுப்பில் குவித்தினம். இராசமணி மட்டும் கொஞ்ச நேரம் மனிசனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு அவருடைய வில்லைக்குப் பக்கத்தில், சிவப்பிலேயே தன்ரையை வைத்தா.

"என்ன மணி, கை மாறிப்போச்சோ?"

"ஒருக்கால் உங்களோடை நிண்டு பாப்பமெண்டு."

மனுசி சறுக்கிப்போட்டா! கனகசிங்கத்தாருக்கு உள்ளுக்குள் வாணவேடிக்கை. பந்து ஓடத் தொடங்கிவிட்டது. பெட்டையின் கை எழும்பியது. அந்தக் கடைசி நொடியில் தன்ரை வில்லையைப் பறித்துக் கறுப்பில் வைத்தார். "நோ மோர் பெட்ஸ்," என்று கையை விசுக்கி நிறுத்தியது பெட்டை.

இப்போது மேசை முழுக்கக் கறுப்பு. சிவப்பில் இராசமணியின் ஒற்றை வில்லை.

பந்து துள்ளியது. சிவப்பு.

எல்லாக் கண்ணும் கனகசிங்கத்தாரின் மேல் விழுந்தது. சீனத்துக் கிழவி தன்ரை பாசையில் ஏதோ சொன்னா. அதுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

"அண்ணை, நீங்கள் தோத்தது காணாதெண்டு எங்களையும் சேத்தெல்லோ கவிட்டுப்போட்டியள்!" என்று கத்தினான் கஸ்பர்.

கனகசிங்கத்தார் மனுசியிடம் மெல்லக் கேட்டார். "நான் மாத்துவன் எண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?"

"நீங்கள் எந்த நிமிசத்திலை மனம் மாறுவியள் எண்டு தெரியாமலோ இவ்வளவு காலம் குடும்பம் நடத்தினனான்?" என்றா இராசமணி, வில்லைகளைக் கைப்பைக்குள் அள்ளிப் போட்டபடி.

அடுத்த சனிக்கிழமை கனகசிங்கத்தார் சமூக நிலையத்தில் நின்றார். கால் சப்பாத்துப் பளபளத்தது, முகம் வாடிக் கிடந்தது. றோஸ்மேரி பாட்டைப் போட்டுவிட்டு விளங்கப்படுத்தினா. "அங்கிள் இடது கால் வைச்சால் அன்ரி வலது கால். அவர் முன்னுக்கு வந்தால் நீங்கள் பின்னுக்கு. சரியே?"

ஆக்களுக்கு முன்னால் மனுசியின் கையைப் பிடிக்க அவருக்குக் கூச்சமாய்த்தான் இருந்தது. பிடித்த பிறகு விட மனம் வரவில்லை, அதுவும் உண்மை. மனுசிக்கு முகமெல்லாம் சிரிப்பு. அதைப் பார்த்ததும், அண்டைக்கு நான் ஏன் அப்பிடிச் சிரிச்சனான் என்று அவருக்கே வெக்கமாய்ப் போச்சு. இடதை வைக்கச் சொன்ன இடத்தில் வலதை வைத்தார். முன்னுக்குப் போகச் சொன்ன நேரம் பின்னுக்குப் போனார். ஆனால் ஒருக்காலும் மனுசியின் காலை மிதிக்கவில்லை. அவர் எந்தக் காலை எடுத்தாலும், எடுக்க முதலே இராசமணியின் கால் அதுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றது.

றோஸ்மேரி பாட்டை நிறுத்திப்போட்டு ஓடிவந்தா. "அன்ரி, இவர் பிழையாய் வைச்சாலும் நீங்கள் சரியாய் வைக்கிறியளே! உண்மையைச் சொல்லுங்கோ, உதை முந்தி எங்கை படிச்சனீங்கள்?"

"படிக்கேல்லைப் பிள்ளை," என்றா இராசமணி. "இவரைக் கலியாணம் கட்டினனான்."