சிப்ஸ் கட்டையைப் பதம் பார்த்தவன்

நெருப்பில் போட்டால் இரும்பு உறுதியாகும் என்று நாட்டில் ஒரு நம்பிக்கை உலவுகிறது. மேடைப் பேச்சாளர்கள் இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறார்கள். மிகுந்த வருத்தத்தோடு மறுக்கிறேன். நெருப்பு எஃகை இளக்கும், அவ்வளவுதான். அதன் குணத்தைத் தீர்மானிப்பது அது ஆறுகிற விதம். செக்கச் சிவந்ததை எண்ணெயில் முக்கினால் கெட்டிப்படும். சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட்டால் பரம சாதுவாகிவிடும்.

போடியில் ஒரு பாலிடெக்னிக்கில் இருபது வருடமாக இதை நடத்துகிறேன். மாணவர்கள் தூங்குவார்கள். மிச்சத்தை வீட்டில் சாப்பிடும்போது என் மனைவி ராஜாத்திக்கு நடத்துவேன். அவள் தூங்கமாட்டாள். மோர் ஊற்றுவாள்.

ராஜாத்தி நேந்திரங்காய் சிப்ஸ் போட்டு விற்கிறாள். வறுப்பது அவள், ஞாயிறுதோறும் சீவுவது நான். எஃகுப் பட்டை பதித்த மரக்கட்டையில் காயைத் தேய்த்தால் கீழே வட்டம் வட்டமாக விழும். அந்தப் பட்டை சுருளிப்பட்டியில் அவள் அண்ணன் சொல்லி அடித்தது. இன்னொன்று வேண்டுமென்றால் பத்து நாளாகும்.

வருகிற ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு பஜார் சதுரங்கப் போட்டியின் இறுதியாட்டம். எதிராளி பாத்திரக்கடை எபனேசர். மூன்று வருடமாகக் கோப்பை அவர் வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. இந்த வருடம் அதை மீட்பதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். வியாழக்கிழமை ராஜாத்தி நாலு தார் காய்க்கு ஆர்டர் பிடித்து வந்தாள். ஞாயிறு நாலு மணிக்குள் வேண்டும். முதல் நாளே சீவினால் கறுத்துவிடும். அன்று காலையில் தொடங்கினால் சீவி முடிக்க மூன்று மணியாகிவிடும்.

போட்டியை மெல்ல நினைவூட்டினேன்.

"அது அடுத்த வருசமும் வரும்ல" என்றாள்.

எதிர்த்துப் பேசுவது வீரம். பட்டையை இளக்குவது விஞ்ஞானம். நான் விஞ்ஞானத்தின் பக்கம் நின்றேன்.

வெள்ளிக்கிழமை காலை பட்டையைக் கழற்றி, தெருமுனை இஸ்திரி வண்டி அம்மாவாசியிடம் கொடுத்தேன். கரியில் சிவக்க வைத்துச் சாம்பலில் புதைத்து, சாயங்காலம் தரச் சொன்னேன். எதற்கென்று கேட்டார். ஆராய்ச்சி என்றேன். மாலையில் உப்புத்தாளால் தேய்த்து, கூர் பிடித்து, பழையபடி பூட்டினேன். வெளியே எஃகு, உள்ளே வாழைத்தண்டு. இருபது காய்க்குள் முனை மடங்கிவிடும். ஆர்டர் கைவிட்டுப் போகும், நான் சதுரங்கத்துக்குப் போவேன். திட்டத்தில் ஓட்டையே இல்லை.

பெரிய ஆர்டருக்கு முந்தைய நாள் கொஞ்சம் வறுத்து உப்பு பார்ப்பது ராஜாத்தியின் வழக்கம். இதை மறந்துவிட்டேன். சனிக்கிழமை நான் சாப்பிடும்போது சீவ ஆரம்பித்தாள். ஏழாவது காயில் வட்டம் ஒரு பக்கம் தடித்தது. பட்டையைக் கழற்றினாள். என் டூல்பாக்ஸிலிருந்து அரத்தை எடுத்து ஓர் இழுப்பு இழுத்தாள். அரம் கடித்தது.

"வழுக்குனா கெட்டி, கடிச்சா எளக்கம். நீங்கதான சொன்னீக, கோழிக் குழம்பு வச்ச அன்னைக்கு."

"தேய்மானமா இருக்கும்."

"தேஞ்சா ஓரந்தான போகும்? நடுவுலயும் கடிக்குதே."

இருபது வருட ஆசிரியப் பணியில் இவ்வளவு சரியான விடையை நான் கேட்டதில்லை.

"அம்மாவாசிகிட்ட ஆராய்ச்சிக்குக் குடுத்தீகளாம்ல. பாதியில விட்டா எப்படி? வாங்க, முடிச்சுருவோம்."

ஒரு கிண்ணம் எண்ணெயும், ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த காந்தமும், கிடுக்கியுமாக நடந்தாள். நான் பின்னால் போனேன். கரியில் பட்டை சிவந்ததும் காந்தத்தைக் கம்பியில் கட்டிக் காட்டினாள். ஒட்டவில்லை. சரியான சூடு. எண்ணெயில் முக்கினாள். இப்படியே விட்டால் கண்ணாடி மாதிரி உடையும் என்று சொல்ல வாயெடுத்தேன். பாடத்தில் நான் மிகவும் ரசித்து நடத்துகிற இடம் அது. அதற்குள் பட்டையைத் தேய்த்து, சூடான இஸ்திரிப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டாள். வைக்கோல் நிறம் வந்ததும் எடுத்தாள்.

"நீலத்துக்குப் போகவிட்டா மறுபடி எளகிரும். இது தீவாளிக்குச் சொன்னது."

அம்மாவாசி என் பக்கம் திரும்பினார். "அண்ணே, மதினி எங்கன படிச்சாக?"

அரத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன். வழுக்கியது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு மூன்றாவது தாரில் இருந்தேன். நாலு மணிக்கு எபனேசரின் மனைவி ஜெபா ஆட்டோவில் வந்து சிப்ஸ் டின்களை ஏற்றிக்கொண்டு போனார். பரிசளிப்பு விழாவில் டீயோடு கொடுப்பதற்காம்.

சீவல் ஒரே கனமாக இருந்தது என்று எபனேசர் கோப்பையை வாங்கும்போது மேடையில் பாராட்டினாராம்.