லேமினேஷன் அண்ணனின் பீரோ கதவு

கும்மிடிப்பூண்டியில் காற்றைத் தவிர மீதி எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டவர் எங்கள் லேமினேஷன் அண்ணன். தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையில் ஜெராக்ஸ் கடை. வீடு எனக்குப் பக்கத்து போர்ஷன். ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை, கரண்ட் பில் என்று எது சிக்கினாலும் மிஷினுக்குள் விட்டுவிடுவார். கோயிலில் கொடுத்த துளசிக்கும் ஒருமுறை அதே கதி.

காரணம் இருந்தது. மூத்தவன் வயிற்றில் இருந்தபோது வெள்ளம் வீட்டுக்குள் புகுந்து அண்ணியின் கர்ப்பிணி அட்டை கூழாகிவிட்டது. பிரசவத்தன்று டாக்டர் கேட்ட எதற்கும் பதில் தெரியாமல் மனிதர் அல்லாடிப் போனார்.

அதனால் இரண்டாவது முறை, அட்டை கைக்கு வந்த அன்றே லேமினேஷன்! அடுத்த செக்கப்பில் நர்ஸம்மாவின் பேனா வழுக்கியது.

“இன்னாய்யா பண்ணி வச்சிக்கீற? பிரஷரை எங்க எழுதறது, உன் நெத்திலயா?”

“நனையக் கூடாதுன்னுதாம்மா...”

“வேற அட்டை வர்ற வரைக்கும் நோட்டுல எழுதி வை, போ!”

நோட்டும் காகிதம்தானே? அண்ணன் பீரோவை நம்பினார். எடை, ரத்தம், பிரஷர் எல்லாம் பச்சைக் கதவில் வெள்ளைப் பெயின்டில் ஏறின. வேறு அட்டை வந்தபாடில்லை.

“போன்ல போட்டோ புடிச்சா போதாதாண்ணே?” என்று கேட்டேன்.

“போன்ல சார்ஜ் பூடும். பீரோவுக்குப் பூடுமா?”



ஒரு மத்தியானம் அண்ணிக்கு வலி வந்தது. கூடவே தலைசுற்றல், கண் மங்கல். ஆம்புலன்ஸில் அண்ணியோடு மாமியாரை ஏற்றிவிட்டு, அண்ணன் ஸ்பானரோடு வீட்டுக்குள் ஓடினார். கழற்றிய கதவைக் குட்டி யானை வண்டியில் போட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு பின்னாலேயே பறந்தோம். வீட்டில் கதவில்லாத பீரோவுக்குள் அண்ணியின் சேலைகள் ஊர் பார்க்கத் தொங்கின.

ஆஸ்பத்திரி வாசலில் செக்யூரிட்டி மறித்தார். “பர்னிச்சர்லாம் உள்ள உட மாட்டோம்.”

“பர்னிச்சர் இல்லீங்க, என் சம்சாரத்தோட அட்டை!”

உள்ளே டாக்டரம்மா, “முன்னாடி பிரஷர் எவ்வளவு இருந்துச்சு?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணிக்கு நாக்கு குழறியது. மாமியார் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்போது கதவு நுழைந்தது. டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். கடைசி வரிகளைப் படித்ததும் சிரிப்பு நின்றது.

“மாசாமாசம் ஏறிக்கிட்டே வந்திருக்கே! சிஸ்டர், ஊசி எடுங்க, சீக்கிரம்! யோவ், கதவை எங்க தூக்கிட்டுப் போறே? அது இங்கயே இருக்கட்டும்!”

சாயங்காலம் பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். அண்ணன் வராந்தாவில் கதவைக் கட்டிப்பிடித்து அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்?

இப்போது என் மனைவி முழுகாமல் இருக்கிறாள். அவளுடைய அட்டை பத்திரமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. நேற்று அண்ணனிடம் போய், “கதவுல கொஞ்சம் எடம் இருக்குமாண்ணே?” என்றேன்.

“பின்பக்கம் பூரா உனுக்குத்தான் நைனா. நீ சேதி சொன்ன அன்னிக்கே தொடச்சி வச்சிட்டேன்.”