சோத்தாங்கைப் பக்கம் சாயும் ஸ்டியரிங்

"ஸ்டியரிங் சோத்தாங்கைப் பக்கம் சாயுது மாப்ள," என்றார் சக்கரபாணி, காரை விட்டு இறங்கும் முன்பே.

மாமனார் வாயிலிருந்து ஒரே ஒரு நல்ல வார்த்தை வந்துவிடாதா என்று காலையிலிருந்து கடை வாசலில் காத்து நின்றவன் புகழேந்தி.

"சாயுதா? எவ்ளோ மாமா?"

"எவ்ளோன்னா? தராசு முள்ளு சாய்ஞ்சா எவ்ளோன்னு கேப்பீங்களா? சாய்ஞ்சா சாய்ஞ்சதுதான்."

சக்கரபாணிக்குக் கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை மண்டி. தராசைப் பார்த்தே பழகிய கண். எதைப் பார்த்தாலும் இரண்டு பக்கமும் சமமாக நிற்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். மகள் அருணாதேவிக்கு மாப்பிள்ளை பார்த்த அன்றைக்கு மட்டும் கொஞ்சம் அசந்துவிட்டோம் என்பது அவருடைய தீராத வருத்தம். மாப்பிள்ளை இன்ஜினியரிங் முடித்துவிட்டு நல்ல கம்பெனியில் இருந்தான். திடீரென்று அதை விட்டுவிட்டு, பழைய கார்களின் ஸ்டியரிங்கையும் குரோம் பட்டைகளையும் புதுசாக்கித் தருகிறேன் என்று, செங்கம் ரோட்டிலிருந்து கிரிவலப் பாதை பிரிகிற இடத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டு உட்கார்ந்துவிட்டான். ஊர்க்காரர்கள் கேட்டால் மாமனார் என்ன சொல்வார்? 'மாப்பிள்ளைக்கு ஸ்டியரிங் வேலை' என்றால் டிரைவர் என்றல்லவா நினைக்கிறார்கள்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்து, மண்டிக் கிடங்கில் தூசி தின்றுகொண்டிருந்த தன் பழைய பியட்டை மாப்பிள்ளையிடமே அனுப்பினார்.

"வண்டி குறையில்லாம வந்துச்சுன்னா உங்க தொழிலப் பத்தி நான் வாயே தொறக்க மாட்டேன். குறை இருந்துச்சுன்னா, தை முடிஞ்சதும் மண்டிக்கு வந்துருங்க. எடை போடுற எடத்துல நாற்காலி காலியாத்தான் இருக்குது."

அந்த நாற்காலியைப் புகழேந்தி பார்த்திருக்கிறான். கனவில்கூட வந்திருக்கிறது. அதனால் உயிரைக் கொடுத்து வேலை செய்தான். வெடித்துப் பிளந்திருந்த ஸ்டியரிங்கின் ஒவ்வொரு பிளவையும் ரம்பத்தால் அகலப்படுத்தி, எபாக்சிப் பசை வைத்து அடைத்து, கை ரேகை தேயத் தேய வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து, தந்த நிறத்தில் பெயிண்ட் அடித்தான். ஹாரன் வளையத்துக்கு முலாம் பூசினான். கதவுகளில் ஓடும் குரோம் பட்டைகளை மரச் சுத்தியலால் தட்டித் தட்டி நெளிவெடுத்தான். வேலை முடிந்ததும் அருணாதேவியே வந்து பார்த்துவிட்டு, "கல்யாண ஆல்பத்துல நீ கூட இவ்ளோ பளபளன்னு இல்ல," என்றாள். அதற்குப் பிறகு என்ன குறை வர முடியும்?

வந்துவிட்டது.

சக்கரபாணிக்கு ஒரு சங்கல்பம். புது வண்டியோ புதுப்பித்த வண்டியோ, முதல் ஓட்டம் அண்ணாமலையாரைச் சுற்றித்தான். குறையில்லாமல் ஒரு முறை மலையைச் சுற்றி வராத வண்டி வேறு ரோட்டில் சக்கரம் வைக்கக் கூடாது. அதன்படி காலையில் கடை வாசலிலேயே பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, மனைவி வள்ளியைப் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். ஸ்டியரிங்கை விட்டுக் கண்ணை எடுக்காமல் சுற்றினார். சுற்றி முடித்து, அதே கடை வாசலில் வந்து நின்று, அந்த முதல் வாக்கியத்தைச் சொன்னார்.

பின் சீட்டிலிருந்து வள்ளி இறங்கினாள். முழங்கால் வலி வரும்வரை பௌர்ணமி தவறாமல் நடந்தே சுற்றியவள். கிரிவலம் என்றால் அவளுக்கு மௌனம். கிளம்பும்போது வாயை மூடினால், திரும்பி வந்து கற்பூரம் ஏற்றிய பிறகுதான் பேச்சு. இப்போது கற்பூரம் ஏற்றிவிட்டு, "ஏங்க," என்று ஆரம்பித்தாள்.

"இரு வள்ளி. நானே குழப்பத்துல இருக்கேன்," என்றார் சக்கரபாணி.

அவள் இருந்துவிட்டாள்.

புகழேந்தி காரைக் கொட்டகை முன்னால் இருந்த காலி இடத்தில் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தான். ஸ்டியரிங்கின் இரண்டு ஸ்போக்குகளும் தராசுத் தட்டு மாதிரி சமமாக நின்றன. மாமனாரிடம் காட்டினான்.

"இங்க நேரா நின்னு என்னா பிரயோஜனம்? ஓடும்போதுல்ல நிக்கணும்," என்றார் அவர். "சுத்தி முடிக்கிற வரைக்கும் சோத்தாங்கைப் பக்கமாவே சாய்ஞ்சு கெடக்குது."

ஸ்டியரிங் மாட்டுகிற தண்டில் சின்னச் சின்னப் பற்கள் உண்டு. ஒரு பல் இடது பக்கம் தள்ளி மாட்டினால் சரியாகிவிடும் என்று புகழேந்தி கணக்குப் போட்டான். கழற்றி மாட்டினான்.

"கழட்டி மாட்டுனா புது வண்டிக் கணக்குதான்," என்றார் சக்கரபாணி. மறுபடி பூஜை, மறுபடி எலுமிச்சம்பழம், மறுபடி மலை.

இந்த முறை புகழேந்தியும் பக்கத்தில் உட்கார்ந்தான். இரண்டு ஆண்களின் நான்கு கண்களும் ஸ்டியரிங்கின் மேல். எதிரே என்ன வருகிறது என்பதை வண்டியே பார்த்துக்கொண்டது. சாய்மானம் கொஞ்சம் கம்மியாகத்தான் இருந்தது. ஆனால் புதிதாக ஒரு வம்பு. பல் தள்ளி மாட்டியதில் ஹாரன் ஒயர் எங்கோ உரசி, வளைவு வந்தால் போதும், ஹாரன் தானாக அலறியது. சாமியார்கள் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்கள். அடி அண்ணாமலை தாண்டுவதற்குள், அமைதியாக நடந்துபோன பாதி ஜனம் காரைத் திரும்பிப் பார்த்து முறைத்துவிட்டது. இத்தனைக்கும் நடுவில் பின் சீட்டில் வள்ளி கண்களை மூடி மௌனத்தில் இருந்தாள். மடியில் இருந்த எலுமிச்சம்பழங்கள் மட்டும் அடிக்கடி இடது பக்கம் உருண்டு ஓடின. அவள் எடுத்து எடுத்து வைத்துக்கொண்டாள்.

"ஹாரன் ஜாஸ்தி, சாய்மானம் கம்மி," என்றார் சக்கரபாணி இறங்கியதும். "இது என்னா வேலை மாப்ள?"

"ஏங்க, நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள் வள்ளி, கற்பூரத்தை ஏற்றிவிட்டு.

"அத்தை, ஒரு நிமிஷம், ஒயரப் பாத்துட்டு வந்துடறேன்," என்று புகழேந்தி காருக்கு அடியில் படுத்துவிட்டான்.

அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை.

"அப்பா என்னா சொல்றாரு?" என்றாள் அருணாதேவி.

"நாற்காலிய தொடச்சு வெக்கச் சொல்லியிருப்பாரு."

"உன் ஸ்டியரிங் மேல உனக்கே நம்பிக்கை இல்லையா?"

இருந்தது. அதுதான் பிரச்சினையே. கொட்டகை முன்னால் நிறுத்திப் பார்த்தால் நேர், மலையைச் சுற்றினால் கோணல். படித்த இன்ஜினியரிங்கில் எந்தப் பாடத்திலும் இது வரவில்லை. அவனே பாதி வகுப்புகளுக்குப் போகவில்லை என்பது வேறு விஷயம்.

அடுத்த நாள் ஹாரன் ஒயரைச் சரிசெய்து, இன்னொரு பல்லும் தள்ளி மாட்டினான். அன்றைக்கு மகள் வீட்டிலேயே தங்கிவிட்டாள் வள்ளி. சக்கரபாணி தனியாக மலையைச் சுற்றிவிட்டு வந்து இறங்கினார். முகத்தில் வெளிச்சம்.

"நிக்குது மாப்ள. முள்ளு நடுவுல நிக்குது."

புகழேந்திக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்காலி அவன் மனதை விட்டு எழுந்து போனது. சங்கல்பம் நிறைவேறிய சந்தோஷத்தில் சக்கரபாணி வண்டியை நேராக ஊருக்கு விட்டார்.

ஊருக்குப் போகிற செஞ்சி ரோடு. சக்கரபாணி பார்த்தார். ஸ்டியரிங் இப்போது இடது பக்கம் சாய்ந்திருந்தது. அவருக்குப் பொறுக்கவில்லை. நாற்பது வருஷம் தராசை நேராக்கிய கை. ஸ்போக்கைச் சமமாக்கிப் பிடித்தார். பிடித்த பிடியை விடவில்லை. பியட் மரியாதையாக வலது பக்கம் திரும்பி, ரோட்டைக் கடந்து, யாரோ ஒருவருடைய வைக்கோல் போரில் மூக்கை நுழைத்து நின்றது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. புகழேந்தி தட்டித் தட்டி நெளிவெடுத்த வலது கதவுப் பட்டை மட்டும் பிய்ந்து தொங்கியது.

"நேராத்தான் புடிச்சேன்," என்று போனில் கத்தினார். "நேரா புடிச்சா வண்டி வைக்கலுக்குப் போவுது. ஸ்டியரிங்கா இது?"

வண்டியைக் கட்டியிழுத்துக் கடைக்கே திரும்பக் கொண்டுவந்தார்கள். புகழேந்தி, சக்கர அலைன்மென்ட் பார்க்கும் வேணுவை வரவழைத்தான். வேணு எந்த வண்டியைப் பார்த்தாலும் முதலில் உதட்டைப் பிதுக்குவான். பிறகுதான் பேசுவான்.

"கிரிவலப் பாதையில நேரு. செஞ்சி ரோட்டுல கோணல். அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"அப்ப ஸ்டியரிங்குல இல்ல சார், கீழ இருக்குது," என்று படுத்து, எதையெதையோ முறுக்கினான். பிறகு வண்டியை எடுத்தான். பியட் கொட்டகை முன்னால் இருந்த தென்னை மரத்தைச் சுற்றியது. நேராக்கிப் பிடித்தாலும் சுற்றியது. அது தனியாக ஒரு கிரிவலம் ஆரம்பித்துவிட்டது போல எல்லோரும் நின்று பார்த்தார்கள்.

வேணு இறங்கி வந்தான். இந்த முறை உதடு பிதுங்கவில்லை. குரல் தாழ்ந்துவிட்டது.

"சார், நான் சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க. மலை இழுக்குது."

"என்னாது?"

"சுத்தும்போது மலை ரைட் சைடுலதானே இருக்குது? ஸ்டியரிங்கும் ரைட் சைடுதானே சாயுது?"

சக்கரபாணி மலையைப் பார்த்தார். மெல்லச் செருப்பைக் கழற்றினார். புகழேந்திக்கு இந்த விளக்கத்தில் எங்கோ உதைத்தது. எங்கே என்று சொல்லத் தெரியவில்லை. அவனையும் அறியாமல் அவன் கையும் கும்பிட்டுவிட்டது.

"ஒருவாட்டி எதிர்ப் பக்கமா ஓட்டிப் பாத்துட்டா தெரிஞ்சிடும்," என்றான் வேணு.

"மலைய எதிர்ப் பக்கமா சுத்துறதா?" சக்கரபாணி செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டார். "என் வண்டியிலயா? வாயக் கழுவு மொதல்ல." பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "சாமி மேல பழி போட்டு தப்பிக்கிறதுக்கு ஆள வேற கூட்டியாந்து வெச்சிருக்கீங்களா? ஒண்ணு சொல்றேன். ஸ்டியரிங் மேல குத்தம் இல்லைனு காரணத்தோட ஒருத்தர், ஒரே ஒருத்தர் சொல்லட்டும். நானே உங்க கடைக்குப் பெரிய போர்டா எழுதி மாட்டுறேன். இல்லைன்னா நாற்காலி."

புகழேந்திக்கு இப்போது ஒரே ஒரு ஆசைதான் மிச்சம். தோற்பதென்றாலும் தன் வேலையோடு தோற்க வேண்டும். வேணு முறுக்கியதையெல்லாம் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தான். தள்ளிய பற்களையெல்லாம் திரும்ப எண்ணி, தான் முதன்முதலில் மாட்டிய அதே இடத்தில் ஸ்டியரிங்கை மாட்டினான். கதவுப் பட்டையை மறுபடி தட்டி, மறுபடி பளபளப்பாக்கினான். கொட்டகை முன்னால் ஓட்டிப் பார்த்தான். தராசுத் தட்டு மாதிரி நின்றது. அவனுக்கே அதைப் பார்க்க அழகாக இருந்தது.

கடைசி ஓட்டத்துக்குப் புகழேந்தியே ஸ்டியரிங்கைப் பிடித்தான். பக்கத்தில் மாமனார். பின் சீட்டில் வேணுவும், மௌனத்தில் வள்ளியும், எலுமிச்சம்பழங்களும். கிளம்பிய கொஞ்ச நேரத்தில் ஸ்டியரிங் சாய்ந்தது. சாய்ந்தபடியே போனது. நடுநடுவே நேராகும், உடனே நப்பாசை வரும், மறுபடி சாய்ந்துவிடும். பழங்கள் இடது பக்கம் உருண்டு வேணுவின் காலடியில் விழுந்தன. அவன் பொறுக்கிக் கொடுத்தான். வள்ளி அவற்றை வாங்கி, ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள், முன் சீட்டில் இருந்த இரண்டு தலைகளையும் பார்த்தாள். ஒரு பெருமூச்சு விட்டாள். அதற்கு மௌனத்தில் தடை இல்லை.

கடை வாசலில் வந்து நின்றார்கள். அருணாதேவி காத்திருந்தாள்.

"பாத்தீங்க இல்ல," என்றார் சக்கரபாணி. குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் புகழேந்தியை இன்னும் சுட்டது. "உங்க கையாலயே ஓட்டுனீங்க. சோத்தாங்கைப் பக்கம்தான். விடுங்க மாப்ள. தொழில்னா எல்லாருக்கும் எல்லாமும் வந்துடாது. தை முடியுது, திங்கக்கிழமை மண்டிக்கு வந்துருங்க."

புகழேந்தி சாவியை நீட்டினான். சக்கரபாணி வாங்கிக்கொண்டார். வேணு தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். வள்ளி வழக்கம்போலக் கற்பூரத்தை ஏற்றினாள்.

அது அணையும் வரை பொறுமையாகக் காத்திருந்தாள். பிறகு மடியிலிருந்த பழங்களை மகளிடம் கொடுத்துவிட்டு, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு சொன்னாள்:

"ஏங்க, மலையச் சுத்துற ரோடு சோத்தாங்கைப் பக்கம் திரும்பிக்கினேதான் போவும், ஸ்டியரிங் நேரா நிக்கணும்னா நீங்க செங்கத்துக்குத்தான் போயிருக்கணும், போயி மாப்ள கடைக்கு போர்டு எழுத ஆளப் பாருங்க."