எஸ்கர்சன் விற்ற கோட்டைகள்

செஞ்சிக் கோட்டையை யார் கட்டினார்கள் என்பதில் படித்தவர்களுக்குள் தகராறு உண்டு. அதை வாரத்துக்கு நாலு தடவை இடித்து, ஆளுக்குத் தகுந்த மாதிரி திரும்பக் கட்டியவர் யார் என்று கேட்டால் செஞ்சியில் ஒரே பதில்தான் வரும்: எஸ்கர்சன்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். பிள்ளைகளை எக்ஸ்கர்ஷன் கூட்டிவரும் வாத்தியார்களைப் பஸ் ஸ்டாண்டிலேயே மடக்கி, கோட்டையைச் சுற்றிக் காட்டப் போகிறேன் என்று அவர் கிளம்பிய காலத்தில், அந்த வார்த்தை ஊர் நாக்கில் தேய்ந்து அவர் மேல் ஒட்டிக்கொண்டது. ஒட்டடைக் குச்சி மாதிரி உயரம். காக்கிச் சட்டை, வேட்டி, காலில் கான்வாஸ் ஷூ. வேட்டிக்குக் கான்வாஸ் ஷூ போட்ட மனிதரை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

நான் அப்போது டிப்ளமா முடித்த கையோடு, ஊருக்குக் குடிநீர்க் குழாய் போடும் திட்டத்தில் வரைபடம் போடும் வேலைக்கு வந்திருந்தேன். வேலைக்குப் போகும் பெண் என்றால் டீச்சர், அல்லது நர்ஸ் என்பது ஊரின் கணக்கு. ஆகவே பாதித் தெரு எனக்கு வணக்கம் வைத்தது, மீதித் தெருவில் குழந்தைகள் ஊசிக்குப் பயந்து ஓடின. எஸ்கர்சன் மட்டும் 'ஓவர்சியரம்மா' என்று கூப்பிட்டார். அதுவும் தப்புதான். ஆனால் பதவி உயர்வான தப்பு.

அவருடைய தொழில் முறையை எனக்கு அவரே விளக்கினார். "மனுசன் பஸ்ஸ உட்டு எறங்கும்போது மொதல்ல எத எறக்குறான்னு பாருங்க. அதுல தெரிஞ்சிடும் அவனுக்கு எந்தக் கோட்டைன்னு."

முதலில் டிபன் கேரியர் இறங்கினால் அது நிழல் பார்ட்டி. அவர்களுக்குச் செஞ்சி ஒரு பெரிய தோப்பு. ராஜா இங்கே சாப்பிட்டார், இங்கே படுத்தார், இந்தச் சுனைத் தண்ணீரில் கை கழுவினார் என்பதோடு சரித்திரம் முடிந்துவிடும். குடையும் புத்தகமும் இறங்கினால் படிப்புப் பார்ட்டி. அவர்களுக்கு எல்லாம் அடி, அங்குலம். மாப்பிள்ளை முதலில் இறங்கிப் பெண்ணின் கையைப் பிடித்து இறக்கினால், கோட்டை முழுவதுமே ஒரு ராஜா ஒரு ராணிக்காகக் கட்டிய வீடு. கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகாலின் படிக்கட்டு குறுகலாக இருப்பதற்குக்கூட அவரிடம் காரணம் இருந்தது. அதை என்னிடம் சொல்ல மறுத்துவிட்டார்.

காலை வைக்குமுன் தரையில் எறும்பு இருக்கிறதா என்று பார்த்து இறங்குகிறவர்கள் ஜைனப் பார்ட்டி. அவர்களுக்காக அவர் கட்டிய கோட்டையில் ஒரு சொட்டு ரத்தம் சிந்தியதில்லை. ராஜாக்கள் வருவார்கள், பேசுவார்கள், போய்விடுவார்கள். பீரங்கி? வெள்ளம் வந்தால் ஊருக்குத் தெரிவிக்க. அகழி? மீன்கள் நிம்மதியாக இருக்க. நான் குடியிருந்த வீட்டுச் சொந்தக்காரர் ஒரு நயினார், அதாவது தமிழ் ஜைனர். செஞ்சியிலேயே பிறந்து வளர்ந்தவர். ஒருநாள் பொழுது சாயுமுன் சாப்பாட்டை முடித்துக் கை துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "அவன் சொல்லச் சொல்ல நானே நம்பிட்டேம்மா. அப்புறம் வீட்டுக்கு வந்துதான் ஞாபகம் வந்துது."

கடைசியாக ஒரு வகை உண்டு. இவர்கள் எதையும் இறக்கமாட்டார்கள். படியில் கால் இருக்கும்போதே தலையைத் தூக்கி மலையைப் பார்ப்பார்கள். இவர்களைக் கண்டதும் எஸ்கர்சனின் குரல் தாழ்ந்துவிடும். அது பயப் பார்ட்டி.

பயப் பார்ட்டியை அவர் உச்சி வெயிலில்தான் கூட்டிப் போவார். "ராத்திரில வர்றது திருட்டுப் பேய். குடித்தனம் பண்ண பேய் பகல்லதான் நடமாடும்" என்பது அவர் கட்சி. சிரிக்கலாம். ஆனால் சித்திரை மாதத்து மத்தியானத்தில் அந்த மலையடிவாரத்தில் நின்று பார்த்தவர்கள் சிரிக்கமாட்டார்கள். யாரோ கொட்டிவிட்டுப் போன மாதிரி பாறைமேல் பாறை. ஒன்றுக்கும் நிழல் இருக்காது. காகம் கத்தாது. ஆனைக்குளத்துத் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடக்கும். அதில் மலை தெரியும், நாம் தெரியமாட்டோமோ என்று ஒரு கணம் தோன்றும். அவர் பார்ட்டியை நெற்களஞ்சியத்தின் இருட்டுக்குள் நிறுத்தி, ஒருவரை மட்டும் கை தட்டச் சொல்வார். சத்தம் சுவரைச் சுற்றித் திரும்பி வரும். "நீங்க ஒருத்தர்தான தட்டுனீங்க? எத்தினி பேர் தட்டுனாங்கன்னு எண்ணுங்க" என்பார். எண்ணியவர்கள் எண்ணிக்கையைச் சொன்னதில்லை.

இதற்கெல்லாம் மேலே கல்யாண மகால். அடுக்கடுக்காக ஏறும் கோபுரத்தில், மாடிக்கு ஒரு சின்ன அறை. மேல் அறைக்குக் கூட்டிப்போய், சுவரில் இருக்கும் ஓட்டைக்கு முன்னால் எஸ்கர்சன் கைகட்டி நிற்பார். "அம்மா, இருக்கீங்களா?"

சுவர் பதில் சொல்லும். "இருக்கேன். இன்னா?"

அந்தக் காலத்து ராணி செஞ்சித் தமிழ் பேசுவதைப் பற்றிப் பயப் பார்ட்டிகள் சந்தேகம் கேட்டதே இல்லை. அதற்குள் பாதிப் பேர் படியில் இருப்பார்கள்.

இந்த ராணியை நான் சந்தித்தது தற்செயல். மண் குழாயில் அந்தக் காலத்தில் மாடிக்கு எப்படித் தண்ணீர் ஏற்றினார்கள் என்று பார்த்து வரைந்து வா என்று என் மேலதிகாரி அனுப்பியிருந்தார். மேல் அறையில் உட்கார்ந்து, சுவர் ஓட்டைக்குள் தெரிந்த குழாயின் வாயை அளந்துகொண்டிருந்தேன். ஆள் அரவம் இல்லை. வௌவால் நாற்றம். அப்போது அந்த வாய் எனக்கு ஒரு முழம் தள்ளி, ஜலதோஷம் பிடித்த குரலில் கேட்டது: "வெத்தல இருக்குதா?"

பயப்படவில்லை என்று சொல்லமாட்டேன். அளவு நாடா கையை விட்டுத் தானாகச் சுருண்டு பெட்டிக்குள் போய்விட்டது. ஆனால் கேள்வி கேட்டால் பதில் சொல்லிப் பழக்கம். "இல்லை" என்றேன்.

பிறகு குழாய்க்குள் ஓர் அலறல், பாத்திரம் உருளும் சத்தம், யாரோ ஓடும் சத்தம். கீழே இறங்கிப் போனேன். முற்றத்துத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு அம்மாள் கண்ணை மூடி நின்றாள். அதுதான் பச்சையம்மா, எஸ்கர்சனின் மனைவி. குழாயின் கீழ்முனை உடைந்திருந்த இருட்டு மூலையில் உட்கார்ந்து, பார்ட்டி வரும் நாட்களில் ராணியாக இருப்பவள். மேலே இருப்பது புருஷன் என்று நினைத்து வெற்றிலை கேட்டிருக்கிறாள். பெண் குரலில் பதில் வந்ததும், இத்தனை நாள் யாருடைய பெயரில் பேசினோமோ அவளே வந்துவிட்டாள் என்று முடிவு கட்டிவிட்டாள். நான்தான் பேசினேன் என்று எவ்வளவோ சொன்னேன். "நீ சொல்ற பாப்பா. நம்புறேன்" என்றாள். நம்பவில்லை. அன்றிலிருந்து அந்த மூலையில் தனியாக உட்கார மாட்டேன் என்றுவிட்டாள். லீவு நாளில் நான் துணைக்குப் போய் உட்காரும்படி ஆயிற்று.

இப்படி இருக்கும்போது மெட்ராஸில் ஒரு டூர் கம்பெனி ஞாயிற்றுக்கிழமைதோறும் திருவண்ணாமலைக்குப் பஸ் விடப்போவதாகச் செய்தி வந்தது. வழியில் செஞ்சியில் அரை நாள் நிறுத்தலாமா என்று பார்க்க, ஒரு ஞாயிறு வெள்ளோட்டம். பிடித்தால் வாராவாரம் ஒரு பஸ் நிறைய பார்ட்டி. எஸ்கர்சன் கான்வாஸ் ஷூவுக்கு வெள்ளை பூசினார்.

அவருக்கு அது வெறும் வியாபாரமில்லை. பச்சையம்மாவின் அண்ணன் பெங்களூரில் ஒரு மில்லில் இருந்தார். மாப்பிள்ளைக்கு அங்கே வாட்ச்மேன் வேலை தயார் என்று சொல்லி அனுப்பியிருந்தார். பச்சையம்மா கெடு வைத்துவிட்டாள். பஸ் நின்றால் செஞ்சி. நிற்காவிட்டால் அடுத்த வாரம் பெட்டி கட்ட வேண்டியதுதான். "மில்லு கேட்ட சுத்திக் காமிக்க முடியுமா, ஓவர்சியரம்மா?" என்று என்னிடம் கேட்டார். அவர் தமாஷ் பண்ணவில்லை.

ஞாயிறு வந்தது, பஸ்ஸும் வந்தது. எஸ்கர்சன் வாசற்படியையே பார்த்துக்கொண்டு நின்றார். டிபன் கேரியர் இறங்கியது. அதன் பின்னாலேயே குடை, புத்தகம், ரிட்டயரான ஒரு ஹெட்மாஸ்டர். பிறகு டிரான்ஸிஸ்டர் ரேடியோவோடு ஒரு மாப்பிள்ளை, கையைப் பிடித்தபடி புதுப்பெண். பிறகு தரையைப் பார்த்துப் பார்த்து ஒரு ஜைனத் தம்பதி. எல்லாருக்கும் கடைசியில் கறுப்புக் கண்ணாடி போட்ட கம்பெனி மானேஜர். ஒரே பஸ்ஸில் இத்தனை கோட்டைகளுக்கு ஆள் வருவார்கள் என்று எஸ்கர்சன் எதிர்பார்க்கவே இல்லை. மலையைப் பார்த்துக்கொண்டு இறங்கியவர் மட்டும் ஒருவரும் இல்லை.

பீரங்கியிடம் வந்தபோது நாக்கு பிசகியது. "இதால ஒரே அடியில எரநூறு பேர" என்று ஹெட்மாஸ்டரைப் பார்த்து ஆரம்பித்தவர், ஜைன அம்மாளின் முகத்தைப் பார்த்துவிட்டு, "எழுப்பி உட்டுருவாங்க, வெள்ளம் வருதுன்னு" என்று முடித்தார்.

"மலை மேலயா வெள்ளம்?" என்றார் ஹெட்மாஸ்டர்.

ராணி குளித்த குளம் என்று புதுப்பெண்ணுக்குக் காட்டிய இடத்தில், ராஜா கை கழுவினார் என்று டிபன் கேரியர் அம்மாளுக்கும் சொல்லவேண்டி வந்தது. குளித்த தண்ணீரிலா என்று அந்த அம்மாள் கேட்டாள். களஞ்சியத்து வாசலில் மானேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எஸ்கர்சன் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "எல்லாருக்கும் பொதுவா இருக்குறது பயம் ஒண்ணுதான். ராணிகிட்ட கூட்டினு போறேன். நீங்க பச்சகிட்ட போங்க."

கேட்காதவர்களுக்குப் பயத்தை விற்பது அவர் தொழிலில் அவரே செய்யாத காரியம். சொல்ல நேரமில்லை. போனேன்.

பச்சையம்மா மூலையில் உட்கார்ந்திருந்தாள். முந்தானையைச் சுருட்டி வாயருகே வைத்திருந்தாள். "நான் பேசப் போறதில்ல பாப்பா" என்றாள். "பேசுனா பஸ்ஸு வரும். பஸ்ஸு வந்தா சாவுற வரைக்கும் நான் இந்தக் கல்லுக்குள்ள ஒக்காந்து ராணியா இருக்கணும். பெங்களூர்ல வூட்டுக்குள்ளயே கொழாயில தண்ணி வருதாம்."

செஞ்சிக்குக் குழாய் போட வந்தவள் நான். எங்கள் திட்டம் அப்போது காகிதத்தைத் தாண்டவில்லை.

மேலே காலடிகள் நின்றன. குழாய் வழியாக எஸ்கர்சனின் குரல் வந்தது. "அம்மா, இருக்கீங்களா?"

பச்சையம்மா அசையவில்லை. மேலே யாரோ இருமினார்கள். வெயிலில் முற்றம் வெளுத்துக் கிடந்தது. "அம்மா, பார்ட்டி வந்திருக்குது. இருக்கீங்களா?" ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது, மானேஜராக இருக்கலாம். மூன்றாவது தடவை அவர் குரல் வேறாக இருந்தது. பார்ட்டிக்குக் கேட்கவேண்டும் என்ற எண்ணமே அதில் இல்லை.

"இருக்கியா?"

பச்சையம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டாள். அவள் தொண்டை அசைந்ததைப் பார்த்தேன். சத்தம் வரவில்லை.

அப்போது குழாயிலிருந்து குளிர்ந்த காற்று வந்தது. அதில் ஈர மண் வாசனை இருந்தது. அந்தக் குழாயில் தண்ணீர் ஓடியது நம் பாட்டன் பூட்டன் காலத்துக்கும் முன்னால். காற்றோடு ஒரு பெண் குரல், மிக மெதுவாக, யாரையும் பயமுறுத்தும் நோக்கமில்லாமல் வந்தது. "இருக்கேன்." கொஞ்சம் இடைவெளி. "நீங்க போயிடாதீங்க."

நான் பச்சையம்மாவைப் பார்த்தேன். முந்தானை அவள் பல்லுக்கு நடுவில்தான் இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். என் வாயும் மூடித்தான் இருந்தது. என் கழுத்துக்குப் பின்னால் ஏதோ ஊர்ந்தது. கை வைத்துப் பார்த்தேன், வியர்வை. பிறகு பச்சையம்மாவின் முகத்திலிருந்து பயம் வடிந்து, வேறொன்று ஏறியது. முந்தானையைத் துப்பினாள். இரண்டு கையாலும் குழாயைப் பிடித்தாள்.

"எவடி அவ? எம் புருசன இருக்கச் சொல்றதுக்கு நீ யாருடி?"

அந்தக் குரல் கல்யாண மகாலின் எல்லா மாடிகளிலும் ஏறி இறங்கியது. புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின. முதலில் கீழே வந்தது டிரான்ஸிஸ்டர், மாப்பிள்ளை பின்னால் வந்தார். எறும்பைப் பார்த்து நடந்த தம்பதி எதையும் பார்க்காமல் நடந்தார்கள். மானேஜர் கண்ணாடி இல்லாமல் வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு தீர்ப்பு சொன்னார்: "கோட்டை நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க பாசஞ்சருங்களுக்கு ரெண்டு ராணி ஜாஸ்தி." பஸ் செஞ்சியில் இனிமேல் காபிக்கு மட்டும் நிற்கும்.

இதற்கு மூன்று விளக்கங்களை நான் யோசித்து வைத்திருக்கிறேன். ஒன்று, பஸ்ஸில் வந்த பெண்களில் ஒருத்தி. ஆனால் அவர்கள் எல்லாரும் அப்போது படியை நோக்கி நகர்ந்துகொண்டிருந்ததாகச் சொன்னார்கள். இரண்டு, காற்று. ஆனால் காற்று 'நீங்க' என்று மரியாதை கொடுத்து நான் கேட்டதில்லை. மூன்று, எஸ்கர்சனே குரலை மாற்றிப் பேசியது. இதுதான் பொருத்தம் என்று நினைத்திருந்தேன், அவர் இறங்கி வந்து என்னைத் தனியே கூப்பிடும் வரை.

அவர் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது, ஆனால் வருத்தமாக இல்லை. "மொதல்ல அவ்ளோ மெதுவா பேசுனது பச்சதான, ஓவர்சியரம்மா?"

"ஆமாம்" என்றேன்.

"நெனச்சேன்" என்றார். "கட்டிகினு வந்த நாள்லேந்து எங்கிட்ட அப்படிப் பேசுனதில்ல அது." பிறகு தொண்டையைச் சரி செய்துகொண்டு மனைவியிடம் போனார். "தோத்துட்டேன் பச்ச. பொட்டியக் கட்டு."

பச்சையம்மா பித்தளைச் சொம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தாள். "எங்க போறது? ஒருத்தி வாய உட்டுக் கேட்டுட்டா. இனிமே நீ மில்லு கேட்ல நின்னுகினு அவளயே நெனச்சினு இருப்ப. இங்கயே இருந்தா நான் ஒரு கண்ணு வெச்சிக்கலாம்."

அவள் போட்ட சத்தத்தையும் ராணி வேஷம் என்றே நினைத்திருந்த எஸ்கர்சனுக்கு, அவள் யாரைச் சொல்கிறாள் என்று புரியவில்லை. கேட்கவும் இல்லை. பெங்களூர் அத்தோடு போயிற்று.

அடுத்த ஆண்டு எனக்குக் கடலூருக்கு மாற்றல் வந்தது. சொல்லிக்கொள்ள அவர்கள் வீட்டுக்குப் போனேன். கோட்டையில் இருப்பதாகச் சொன்னார்கள். போனேன். பார்ட்டி எதுவும் இல்லாத நாள், உச்சி வெயில். கல்யாண மகாலின் முதல் மாடியில் ஏறி நின்றபோது சுவருக்குள் பேச்சு கேட்டது. மேலே தனியாக அவர், கீழே தனியாக அவள். இன்றைக்குக் கத்தரிக்காயா, கருவாடா என்று குழாய் வழியாக விவாதம் நடந்துகொண்டிருந்தது. அவர் ஒன்று சொல்வார், அவள் ஒன்று சொல்வாள். அப்புறம் இருவரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள், இன்னொருவருக்கும் முறை விட்டுக்கொடுக்கிற மாதிரி.

அந்த இடைவெளியில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர்களுக்குக் கேட்டதா என்று தெரியாது. கூப்பிட வாயெடுத்தவள், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் படியிறங்கி வந்துவிட்டேன்.