பின் கதவை அறுத்த மாப்பிள்ளை

என் மாமனாரின் ஜீப்பில் அசலாக மிஞ்சியிருந்த அருமையான பாகத்தை கேஸ் கட்டரால் அறுத்தெடுத்து, ஆரியசாலையில் பழைய இரும்புக் கடையில் போட்டவன் நான். சும்மா போடவில்லை. அது போலி என்று தெருவே கேட்க விளக்கிவிட்டுத்தான் போட்டேன்.

தொண்ணூற்றெட்டாம் வருடம். கல்யாணமாகி நான்கு மாதம். மாமனார் பொன்முடி பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். போகும்போது எஸ்டேட்காரர்கள், அவர் அங்கே ஓட்டிக்கொண்டிருந்த பழைய ஜீப்பையும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். கரமனையில் எங்கள் தெருவில் அது நின்றால் சைக்கிள்கூடப் போக முடியாது. ஆனாலும் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். திறந்தால் அவர் ஜீப் கதையை ஆரம்பித்துவிடுவார்.

அந்த வருடம் ஊரில் பழைய வண்டிகளுக்கு ஒரு கண்காட்சி வைத்தார்கள். விண்ணப்பத்தில் வண்டி தயாரான வருடத்தை எழுத வேண்டும். தவறாக இருந்தால் வரிசையிலிருந்து வெளியே அனுப்பிவிடுவார்கள். ஆர்.சி. புத்தகத்திலோ எஸ்டேட் பதிவு செய்த வருடம்தான் இருந்தது. ஓய்வு பெற்றபின் அந்த மனிதர் ஆசைப்பட்டுப் பார்த்தது இந்த ஒன்றுக்குத்தான்.

"மாப்பிள்ளைக்கு வண்டி விஷயமெல்லாம் நன்னாத் தெரியுமாமே?" என்றார்.

தெரியும் என்றேன். (எனக்குத் தெரிந்தது, நண்பன் ஒருவன் கொடுத்த பதினோரு பக்க ஜெராக்ஸ். அதிலும் ஆறாம் பக்கம் கருப்பாக விழுந்திருந்தது.)

ஜெராக்ஸின்படி, போர்க்கால ராணுவ ஜீப்புக்கு முன் கிரில்லில் ஒன்பது நீள ஓட்டைகள். போருக்குப் பிறகு பொதுமக்களுக்கு வந்த ஜீப்புக்கு ஏழு. எண்ணினேன். ஒன்பது.

"நவத்துவாரம்! சாட்சாத் பட்டாள வண்டி. நாற்பத்துநாலு மாடல்" என்று அறிவித்தேன். (நாற்பத்துமூன்றுக்கும் நாற்பத்தைந்துக்கும் நடுவில் இருப்பது பத்திரமாகப் பட்டது.) அதற்குள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். மாமனார் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை என் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை.

ராணுவ ஜீப்பில் பெட்ரோல் மூடி சீட்டுக்கு அடியில் இருக்க வேண்டும். இதில் வெளியே இருந்தது. வசதிக்காக எஸ்டேட்டில் மாற்றியிருப்பார்கள் என்றேன். ஹெட்லைட்டைப் பின்பக்கம் திருப்ப முடிய வேண்டும். அசையவில்லை. துரு என்றேன். ராணுவ ஜீப்பின் பின்னால் வெறும் தகடுதான் இருக்கும், திறக்கிற கதவு கிடையாது. இதில் கதவு இருந்தது. பெயிண்டுக்கு அடியில் ஏதோ ஆங்கில எழுத்துக்கள் வேறு புடைத்துக்கொண்டிருந்தன. "யாரோ லோக்கல் பட்டறைக்காரன் கைவரிசை. அறுத்துவிட வேண்டியதுதான்" என்றேன்.

என் மனைவி கோமதி வாசலுக்கு வந்தாள். "வேண்டாம்னா. வெறுதே அதை அறுக்காதேங்கோ. அது பாட்டுக்கு இருக்கட்டுமே."

"நீ கிரில்லை எண்ணிப் பாத்தியோ?"

"எண்ணாட்டாலும் எனக்கு..." என்று ஆரம்பித்தவள், அப்பாவைப் பார்த்தாள். சட்டென்று உள்ளே போய்விட்டாள். பெண்களுக்கு வண்டி விஷயம் புரியாது என்று அவள் அப்பாவிடமே சொன்னேன். (அன்றைய என்னை இன்றைய நான் நேரில் பார்த்தால் அறைந்துவிடுவேன்.)

கண்காட்சியில் வண்டிகளைச் சோதித்தவர் பட்டாளத்தில் மெக்கானிக்காக இருந்த ஒரு மலையாளி. அவர் கிரில்லைப் பார்க்கவே இல்லை. நேராகத் தரையில் படுத்து, முன் பம்பருக்குப் பின்னால் சேஸிஸின் உள்பக்கத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். பெயிண்டுக்கு அடியிலிருந்து ஒரு சின்ன நம்பர் தகடு வெளியே வந்தது. (ஆறாம் பக்கத்தில் இதுதான் இருந்திருக்க வேண்டும். புது பேன்ட் அழுக்காகும் என்று நான் குனியவே இல்லை.)

"சாரே, இது பட்டாள வண்டி அல்ல கேட்டோ. யுத்தம் கழிஞ்சு வந்த முதல் செட்டாக்கும். நாப்பத்தாறு. பட்டாள வண்டி எத்தனையோ கிட்டும், இது கிட்டாது. ஆனா இதோட பின் கதவு எவிடே?"

மாமனார் என்னைப் பார்த்தார். நான் புதிதாக வெல்டு வைத்த தகட்டைப் பார்த்தேன்.

"கிரில்லில் ஒன்பது ஓட்டை இருக்கே?" என்றேன், விடாமல்.

"அது வேற வண்டியோடது. எவிடயோ இடிச்சு மாத்தியதாணு."

"என் வண்டி இத்தனை வருஷத்திலே எங்கேயும் இடிச்சதில்லை!" என்று மாமனார் கத்தினார்.

"இடிச்சிருக்குப்பா" என்றாள் கோமதி.

காலேஜ் லீவில், அப்பா ஊரில் இல்லாத நாளில், எஸ்டேட் டிரைவரிடம் வண்டி பழகி மரத்தில் மோதியிருக்கிறாள். டிரைவர் ராணுவ ஏலச் சாமானில் ஒரு கிரில்லைப் பிடித்து, அவர் திரும்புமுன் பச்சை பெயிண்ட் அடித்து முடித்துவிட்டான். நான் அவ்வளவு நம்பிய ஒரே சாட்சி, என் பெண்டாட்டி செய்த ஆக்சிடென்ட்.

வண்டியை வரிசையிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். மாமனார் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கோமதி பக்கம் திரும்பி, "எந்த மரம்டீ?" என்றார்.

"ஆபீஸ் வளைவிலே நிக்குமே, அது."

"அதுவா..." குரலைத் தாழ்த்தினார். "நானும் ஒரு தரம் அதிலேதான். உங்கம்மாகிட்ட சொல்லிடாதே."

மறுநாள் ஆரியசாலைக்கு ஓடினேன். இரும்புக் கடையில் கதவு இல்லை. நாலு கடை தள்ளி, அரிசி மண்டி வாசலில் சாக்கடைக்குக் குறுக்கே கிடந்தது; அதன் மேல் மூட்டை வண்டி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மண்டிக்காரர் திருநெல்வேலிக்காரர். "தரமாட்டேன். என்னா கனம் பாத்தேளா? அசல் கம்பெனி தகடுல்லா இது!" என்றார். சாக்கடையைத் தாண்டும்போதே அது அசல் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பதிலுக்கு ஒரு தேக்குப் பலகை வாங்கிக் கொடுத்து மீட்டேன்.

அடுத்த வருடம் ஜீப் தன் கதவோடு, நாற்பத்தாறு என்ற அட்டையோடு வரிசையில் நின்றது. அதற்கு முன், தெருவில் மல்லாக்கப் படுத்து அந்த நம்பரை உரக்கப் படிக்கும் பாக்கியம் எனக்குத்தான் கிடைத்தது.

அன்றிலிருந்து நான் எதை அடித்துச் சொன்னாலும், மாம்பழ ரகமோ மழை வருமா என்பதோ, கோமதி கேட்பாள்: "ஓட்டை எண்ணியாச்சா?"

போன மாதம் எங்கள் மகளைப் பார்க்க ஒரு பையன் வந்தான். "நல்ல பையன், முகத்தைப் பார்த்தாலே தெரியறது" என்றேன். எண்பத்தேழு வயது மாமனார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"முன்பக்கம் பாத்தது போறும் மாப்பிள்ளை. கீழே படுத்து நம்பரைப் பாருங்கோ."

பையன் பயந்துபோய் எழுந்து நின்றுவிட்டான்.