தொங்கும் வீட்டுக்கு அணுகுசாலை

ஒரு காட்டில், எதையும் முறைப்படி செய்யாவிட்டால் சோறு இறங்காத தூக்கணாங்குருவி ஒன்று இருந்தது. பெயர் பொன்னுரங்கம்.

தூக்கணாங்குருவிகளில் மாப்பிள்ளைதான் பாதிக் கூடு கட்டிக் காட்டவேண்டும். பெண் உள்ளே புகுந்து, ஆட்டிப் பார்த்து, பிடித்திருந்தால்தான் கல்யாணம். பொன்னுரங்கத்தின் மனசு முழுக்க மரகதம். மழைக்கு முன்னே வீடு வேண்டும் என்று அவள் கறாராகச் சொல்லியிருந்தாள்.

பக்கத்துக் கிளை வீராசாமி யாரையும் கேட்காமல் கிணற்றுக்கு மேலே கட்ட ஆரம்பித்துவிட்டான். பொன்னுரங்கமோ வரைபடத்தோடு கட்டட அனுமதி அலுவலகத்தில் வரிசையில் நின்றான். அதிகாரி ஓர் ஆமை. பிறக்கும்போதே வீட்டோடு பிறந்தவருக்கு அடுத்தவர் அவசரம் எங்கே புரியப்போகிறது!

"தரைத்தளம் எங்கேப்பா?"

"தொங்குற வீடுங்க ஐயா. கிணத்துக்கு மேல, ஈச்சமரத்துல. பாம்பு அண்டாதுங்க."

"கிணறு நீர்நிலை. தள்ளித்தான் கட்டணும். வாசலை வேற அடியில வச்சிருக்கே, அணுகுசாலை எங்கே?"

"பறந்து வந்துடுவோமுங்க."

"பறக்கிறதுக்குப் படிவத்துல கட்டம் இல்லை."

பொன்னுரங்கம் திருத்தினான். மறுபடியும் திருத்தினான். மூன்றாம் திருத்தத்தில் வீடு தரைக்கே வந்துவிட்டது. சுற்றிலும் காலியிடம், கிழக்கு வாசல், வாசல்வரை சாய்தளம். ஆமை முத்திரை குத்தியதும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தத் தாளைக் கவ்விக்கொண்டு காட்டை மூன்று சுற்று வந்தான்.

பாதி வீடு எழும்பியதும் மரகதம் பார்க்க வந்தாள்.

"எல்லாம் சரி. இந்தச் சாய்தளம் யாருக்கு?"

"எனக்குத்தாம்மா," என்றது புதரிலிருந்து சாரைப்பாம்பு. "விதிமுறைக் குழுவுல நானும் ஒரு உறுப்பினர். இத்தனை வருஷத்துல இவர் ஒருத்தர்தான் விதிப்படி கட்டியிருக்கார்."

மரகதம் சட்டென்று கிளைக்குத் தாவினாள். "கோவிச்சுக்காதீங்க. முட்டையைத்தான் நான் அடைகாக்க முடியும், அனுமதித் தாளை இல்ல," என்று சொல்லிவிட்டு நேரே வீராசாமி வீட்டுக்குப் பறந்தாள்.

பொன்னுரங்கம் தேம்பித் தேம்பி அழுதான். அழுது முடித்ததும் வீராசாமிமேல் முறைப்படி ஒரு புகார் எழுதிப் போட்டான்.

ஆமை இடிப்பு நோட்டீஸோடு கிளம்பி வந்தார். நோட்டீஸை வாசலில்தான் ஒட்டவேண்டும் என்பது விதி. வாசலோ கிணற்றுக்கு நேர்மேலே ஆடிக்கொண்டிருந்தது. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டு, 'மேற்படி முகவரியில் வீடு ஏதும் இல்லை' என்று எழுதிக் கோப்பை மூடினார். மேலேயிருந்து மரகதத்தின் குஞ்சுகள் எட்டிப் பார்த்தன. பொன்னுரங்கம் கட்டிய வீட்டில் சாரைப்பாம்பு சௌகரியமாகக் குடியிருக்கிறது.

நீதி: வீட்டுக்கு இடம் பார்க்கும்போது காற்று வருமா, வெளிச்சம் வருமா என்று பார்க்காதே, நோட்டீஸ் ஒட்ட வருகிறவரின் உயரத்தைப் பார்.