ரெண்டு தட்டு தட்டினால் போகலாம்

எந்த லாரி டிரைவரும் வாய்விட்டு ஒத்துக்கொள்ளாத ஓர் உண்மை உண்டு. லாரியை முன்னால் ஓட்டுவதுதான் டிரைவர். பின்னால் ஓட்டுவது கிளீனர்.

கிளீனர் இறங்கிப் போய் வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு, "வா, வா, வா, ஒடிச்சு வா, நேர் பண்ணிக்கோ" என்று ராகம் போடுவார். சத்தம் அதிகமான இடமென்றால் ராகம் எடுபடாது. வண்டியின் பக்கவாட்டில் கையால் தட்டுவார். ரெண்டு தட்டு தட்டினால் போகலாம். ஒரு தட்டு தட்டினால் நிற்கணும். இந்தப் பாடத்தை மட்டும் வைத்துக்கொண்டு நான் கல்கத்தா வரைக்கும் போய் வந்திருக்கிறேன். தட்டு காதில் விழுந்ததும் கால் தானாக வேலை செய்யும். நடுவில் மூளைக்கு வேலையே கிடையாது. (என் மனைவி எஸ்தரைக் கேட்டால், நடுவுல அப்படி ஒண்ணு இருந்தாத்தானே என்பாள்.)

அப்படிப்பட்ட எனக்கு ஆந்திராவில் ஸ்ரீ சிட்டிப் பக்கம் ஒரு சரக்கு யார்டில் வேலை கிடைத்தது. வெளியூர் லாரிகள் கொண்டுவந்து விட்டுப் போகும் டிரெய்லர்களை ஒரு குட்டி இழுவை வண்டியில் மாட்டி, கோடவுன் வாசலில் பின்பக்கம் ஒட்டுகிற மாதிரி நிறுத்த வேண்டும். சரக்கு ஏற்றி இறக்கியதும் திரும்ப இழுத்து வந்து வரிசையில் விட வேண்டும். நாளெல்லாம் ஓட்டினாலும் காம்பவுண்டுச் சுவரைத் தாண்ட மாட்டோம். ஊர் ஊராகச் சுற்றியவனுக்கு இது செக்குமாட்டுப் பிழைப்பு என்று பழைய சிநேகிதர்கள் சிரித்தார்கள்.

சிரிக்கட்டும். என் மகள் ஷாரோன் என்னை விருந்தாளி மாதிரிப் பார்க்க ஆரம்பித்திருந்தாள். நான் வெளியூர் லைனிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "நைனா, மறுபடி எப்போ போற?" என்று கேட்பாள். ஆசையாகக் கேட்டாளா, பழக்கத்தில் கேட்டாளா தெரியாது. எனக்கு நெஞ்சில் குத்தும். இந்த வேலை நிரந்தரமானால் தினமும் ராத்திரிச் சோறு வீட்டில். அதற்காக நான் செக்குமாடாக மட்டுமல்ல, வண்டிமாடாகவும் இருக்கத் தயார்.

சிக்கல் என்னவென்றால், யார்டில் பாதி வேலை ரிவர்ஸ். கிளீனரோ கிடையாது. இழுவை வண்டியில் சீட்டே ஒன்றுதான். முதல் நாள் இடப்பக்கம் திரும்பி, "பார்த்துச் சொல்லுப்பா" என்று ஜன்னல் கண்ணாடியிடம் சொன்னேன். டிரெய்லரோ நான் வலது பக்கம் ஒடித்தால் இடது பக்கம் போனது. இடது பக்கம் ஒடித்தால் கோபித்துக்கொண்டு குறுக்கே நின்றது. மற்ற டிரைவர்கள் ஒரே மூச்சில் வாசலில் கொண்டுபோய் வைக்கும்போது நான் கோலம் போட்டுக்கொண்டிருப்பேன்.

யார்டு இன்சார்ஜ் பிரசாத் சார் நெல்லூர்க்காரர். வாக்கியத்தில் தெலுங்கில் ஏறித் தமிழில் இறங்குவார். அவரிடம் போய் நின்றேன்.

"சார், ஒரே ஒரு ஆள் குடுங்கோ. பின்னாடி நின்னு தட்டட்டும். மீதிய நான் பாத்துக்கறேன்."

"ஏமய்யா ஞானராஜு, இக்கட எவருக்கும் கிளீனர் லேது. கண்ணாடி இருக்கு, கண்ணு இருக்கு. மாசக் கடைசில டெஸ்ட். ஒரே தடவைல வாசல்ல வெக்கணும். லேதண்ட்டே, இல்லாட்டி, பழைய லாரிக்கே வெள்ளிப்போ" என்றார். போய்விடு என்பதைத் தெலுங்கில் சொன்னால் இன்னும் கொஞ்சம் தூரமாகப் போகச் சொல்வது போல் இருக்கும்.

டெஸ்டுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சித்தூரில் எங்கள் சபைக்குப் போனோம். ஆராதனையில், ஆண்டவர் செய்த நன்மையை எழுந்து சொல்லும் சாட்சி நேரம் வந்தது. டெஸ்டுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் எழுந்தேன். கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். (மைக் கையில் வந்தால் நான் நானாக இருப்பதில்லை.) கல்கத்தா, பனிமூட்டம், பஞ்சரான டயர் என்று ஆரம்பித்து, "ஆண்டவர் எனக்கு இந்த வேலையை நிரந்தரமாக்கித் தந்தார்!" என்று முடித்தேன். சபை முழுக்க ஸ்தோத்திரம் என்றது. பெண்கள் பக்கத்தில் எஸ்தர் மட்டும் வேதப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் பிடித்தாள். "இன்னாயா இது, டெஸ்டே இன்னும் முடில. ஆண்டவரையே மாட்டி வுட்டுட்டு வந்துகினு கீற?"

"விசுவாசத்துல சொன்னேன் எஸ்தர்."

"விசுவாசம் வந்து ரிவர்ஸ் எடுக்குமா?"

ஆக, டெஸ்ட் நாளன்று என் தலைமேல் வேலை, மகள், ஒரு சபை முழுக்க ஜனங்கள், அவர்களுக்கும் மேலே ஆண்டவர் என்று எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். பிரசாத் சார் ஏழாம் நம்பர் வாசல் மேடையில் டீ டம்ளரோடு நின்றார். "கடைசி வரிசைல காலி டிரெய்லர் ஏதாவது ஒண்ணு எடுத்துகினு வா" என்றார்.

ஏதாவது ஒன்றா? என் டெஸ்டுக்கா? வரிசையிலேயே புதுசாக, பளபளவென்று நின்ற நீல நிற டிரெய்லரைத் தேர்ந்தெடுத்தேன். அதை மாட்டும் முன் சுற்றி வந்து பார்க்க வேண்டும் என்பது சட்டம். பின்கதவுகளைத் திறந்து, இரண்டு பக்கமும் மடித்து மாட்டிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும் என்பது அதைவிடப் பெரிய சட்டம். எனக்கு இரண்டும் தெரியும். இரண்டையும் செய்யவில்லை. அந்த நேரம் என் மனசு, அடுத்த ஞாயிறு மைக்கில் என்ன பேசலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தது.

வண்டி ஓரடி நகர்ந்திருக்கும். பின்னாலிருந்து கேட்டது. டம், டம்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பிரசாத் சார் மனசு இரங்கி, எனக்குச் சொல்லாமலே ஓர் ஆளை அனுப்பியிருக்கிறார்! பின்னால் தொத்திக்கொண்டு தட்டுகிறான். வெளியே டீ குடித்தபடி கண்டிப்பாக நிற்பதெல்லாம் நடிப்பு. என்ன மனுஷன்!

திருப்பத்தில் கொஞ்சம் வேகம் குறைத்தேன். டம் டம், டம் டம். வேகம் கூட்டினேன். இன்னும் பலமாக டம் டம். இவ்வளவு சுறுசுறுப்பான கிளீனரை நான் என் லைன் வாழ்க்கையிலேயே பார்த்ததில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "தெரிது, தெரிது, போய்க்கினுதான் கீறேன்!" என்று உற்சாகப்படுத்தினேன்.

ஏழாம் நம்பர் வாசலுக்கு நேராக வந்து ரிவர்ஸ் போட்டேன். இனி எனக்கென்ன பயம்? பின்னால்தான் ஆள் இருக்கிறானே. கண்ணாடியைப் பார்த்தேன், ஒடித்தேன், நேர் செய்தேன். டிரெய்லர் சொன்ன பேச்சுக் கேட்டது. டம் டம், டம் டம் என்று வந்துகொண்டே இருந்த சத்தம் திடீரென்று மாறி, ஒரே ஒரு பெரிய "டமார்!" ஒரு தட்டு. மிதித்தேன் பிரேக்கை. வாசல் ரப்பரில் டிரெய்லர் மெத்தென்று ஒட்டி நின்றது.

தொப்பியைச் சரிசெய்துகொண்டு இறங்கினேன். "பாகுந்தி ஞானராஜு, சால பாகுந்தி!" என்று பிரசாத் சார் கைதட்டினார். நன்றாக இருக்கிறதாம், ரொம்ப நன்றாக இருக்கிறதாம். கோடவுன் ஷட்டரை மேலே ஏற்றினார்கள். அங்கே டிரெய்லரின் கதவு மூடிக்கிடந்தது. மூடிய கதவுக்கு உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"எவர்ரா நுவ்வு?"

யாருடா நீ என்று கேட்கிறது. அதற்குப் பிறகு அந்தக் குரல் கேட்டவற்றை இங்கே எழுத முடியாது.

அது கிரிஜா மேடம். காலி டிரெய்லர்ப் பெட்டிகளில் ஓட்டை இருக்கிறதா என்று சோதிப்பவர். அந்தச் சோதனைக்கு ஓர் ஆள் உள்ளே போய் நிற்க, வெளியே இருப்பவர் கதவை இறுக்கி மூட வேண்டும். கும்மிருட்டில் எங்காவது பொட்டு வெளிச்சம் தெரிந்தால் அங்கே ஓட்டை. வெளியே காவல் நிற்க வேண்டியவர் டீ குடிக்கப் போயிருந்தார். இரும்புப் பெட்டிக்குள் செல்போனில் சிக்னல் கிடையாது. பாவம், அவரால் முடிந்தது தட்டுவது மட்டும்தான். கடைசியில் அலுத்துப்போய் ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வீசியிருக்கிறார். அதுதான் என் ஒரு தட்டு.

மேடைச் சுவர் இடித்ததால் கதவைத் திறக்க முடியவில்லை. "கொஞ்சம் முன்னால எடய்யா!" என்று பிரசாத் சார் கத்தினார். ஓடிப்போய் ஏறி, மெதுவாக எடுத்தேன். உள்ளே கிரிஜா மேடம் மறுபடி எங்கேயோ கொண்டுபோகிறான் என்று பயந்து தட்டினார். டம், டம். என் கால் என்னைக் கேட்கவே இல்லை. யார்டு நடுவுக்கே கொண்டுபோய்விட்டேன். பின்னால் பிரசாத் சார் டீ டம்ளரோடு, "ஆகவய்யா! ஆகு! நில்லய்யா!" என்று ஓடி வந்துகொண்டிருந்தார்.

கதவு திறந்தது. கிரிஜா மேடம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இறங்கினார். யார்டே கூடி நின்றது.

"நான் தட்டினது உனக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சு மேடம்."

"கேட்டுச்சா! அப்புறம் ஏன் நிக்கல?"

"ரெண்டு தட்டு தட்டினீங்கோ மேடம். ரெண்டு தட்டுன்னா போன்னு அர்த்தம்."

பிரசாத் சாருக்கு மூக்கு வழியாக டீ வந்தது. துடைத்துக்கொண்டு முகத்தைக் கண்டிப்பாக்கி, "வெள்ளிப்..." என்று ஆரம்பித்தார். எனக்கு ஷாரோனின் கேள்வி காதில் விழுந்தது. மறுபடி எப்போ போற?

"இருங்க சார்" என்றார் கிரிஜா மேடம். "சுத்திப் பாக்காம எடுத்தது தப்பு. காவல் நிக்காம போனவன் தப்பு அதைவிடப் பெருசு. ஆனா ஒண்ணு. உள்ள பிடிச்சிக்க ஒரு கம்பி கிடையாது, நான் நின்னுகினேதான் வந்தேன். ஒரு தடவ கூட விழல. எங்க ஊர் வெதுருகுப்பம் பஸ்ல உக்காந்துகினு போனாலே விழுவேன்."

பிரசாத் சார் மூக்கைத் தடவினார்.

"இன்னொண்ணு சார். வாசல்ல நேரா வெச்சாரே, அதுக்கு யாரு வழி சொன்னது? எனக்கு உள்ள என் கையே தெரியல. நான் என் பயத்துக்குத் தட்டினேன். ரிவர்ஸ் எடுத்தது அவரேதான்."

நான் அதை யோசித்தே பார்க்கவில்லை. இல்லாத கிளீனரை நம்பி, நானே கண்ணாடி பார்த்து, நானே ஒடித்து, நானே நிறுத்தியிருக்கிறேன். ஒரு மனுஷி இருட்டில் பயந்து தட்டும்போது நான் குஷியாக ஓட்டினேன் என்று ஒரு பக்கம் வெட்கமாக இருந்தது. மன்னிச்சிடுங்க மேடம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். இன்னொரு பக்கம், அதே நேரத்தில், நெஞ்சு நிமிர்ந்துகொண்டும் இருந்தது. இரண்டையும் ஒரே சட்டைக்குள் வைத்துக்கொண்டு நிற்பது கஷ்டமாகத்தான் இருந்தது.

பிரசாத் சார் எனக்கு இன்னும் ஒரு மாதம் கெடு கொடுத்தார். அடுத்த டெஸ்டில் கதவைத் திறந்து, சுற்றிப் பார்த்து, யாரும் தட்டாமல் ஒரே தடவையில் வைத்தேன். வேலை நிரந்தரமானது. (சபையில் சாட்சி நேரம் வந்தபோது எஸ்தர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.)

அன்றிலிருந்து எங்கள் யார்டில் ஒரு புதுச் சட்டம். எந்த டிரெய்லரைத் தொடும் முன்னும் டிரைவர் அதன் கதவில் தட்டி, உள்ளே யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டு, காது கொடுத்து நின்றுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அதற்குப் பெயர் "ஞானராஜ் தட்டு". தமிழ், தெலுங்கு, இந்தி எல்லாப் பாஷைக்காரர்களும் அப்படியேதான் சொல்கிறார்கள்.

போன வாரம் ராமகுப்பத்திலிருந்து வந்து சேர்ந்த டிரைவர், பேர் போட்ட தொப்பியை நான் கழற்றி நின்ற நேரம் பார்த்து, ஆள் யாரென்று தெரியாமல் எனக்கே பாடம் எடுத்தார். "அண்ணா, சும்மா எடுத்துடாதீங்கோ. மொதல்ல ஞானராஜ் தட்டு தட்டணும்."

"யாருப்பா அந்த ஞானராஜ்?" என்றேன்.

"தெரில அண்ணா. முன்ன இங்க இருந்த பெரிய சேஃப்டி ஆபீசராம். அந்தக் காலத்துலயே உயிரோட மதிப்பு தெரிஞ்ச மனுஷனாம்."

நான் மறுக்கவில்லை. அவரே சொல்லும்போது நான் யார் மறுப்பதற்கு?

ராத்திரி சோற்றுக்கு உட்கார்ந்ததும் இதை எஸ்தரிடமும் ஷாரோனிடமும் ஒன்று விடாமல் சொன்னேன். பெரிய சேஃப்டி ஆபீசர் என்ற இடம் வந்ததும் குரலைக் கொஞ்சம் உயர்த்தி, அங்கிருந்து மெல்லக் கல்கத்தா பக்கம் திரும்பினேன். ஷாரோன் தட்டைப் பார்த்தபடியே டம்ளரை எடுத்து மேஜையில் ஒரு தட்டு தட்டினாள்.

நிறுத்திவிட்டேன்.

எஸ்தர் சோறு போட்டுவிட்டு, கரண்டியால் ரெண்டு தட்டு தட்டினாள். சாப்பிட ஆரம்பித்தேன்.